ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் மணி ஒன்று கட்டப்பட்டிருந்தது என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் கதை. குறையுடையோர் எவராயினும் அந்த மணியை அசைக்கலாம். ஓசை எழுந்த அளவிலே அரசன் வெளியே வந்து, குறை யாதென வினவுவான். கன்றை இழந்த பசு ஒன்று அம்மணியை அசைத்தது. தேர்க்காலில் கன்றைக் கொன்றவன் தன் ஒரே மகன் என்று அறிந்தும், மன்னன் முறை செய்யத் தயங்கவில்லை. இக்கதையைக் கேட்கும்போது நாம் வியப்பது மன்னனின் நடுவுநிலைமையை. ஆயினும், ஆழ்ந்து சிந்திப்போர்க்கு வேறோர் உண்மையும் புலப்படும். மணி மட்டும் இல்லாதிருந்தால் அந்த நடுவுநிலைமையால் பசுவுக்கு யாது பயன்? அதன் துயரம் அரசன் செவிக்கு எட்டியிராது. தீய அரசனைத் திருத்துவதற்கு மட்டுமன்று, நல்ல அரசன் நல்லவனாக நடந்துகொள்வதற்கும் மணி வேண்டும்.

இன்று நாடுகள் பரந்தவை. ஒரு மாநிலத்தின் தலைநகருக்கும் அதன் எல்லைச் சிற்றூருக்கும் இடையே பல நூறு கல் தொலைவு இருக்கின்றது. அங்கு ஏரி உடைந்ததோ, கிணறு வற்றியதோ, நோய் பரவியதோ தலைநகரில் இருப்போர் எவ்வாறு அறிவர்? அதிகாரிகள் அறிவிப்பார்கள் எனலாம். ஆனால், தவறு அதிகாரியிடமே இருப்பின்? அந்நிலையில் மக்களின் குறையை அரசுக்கும், அரசின் செயலை மக்களுக்கும் எடுத்துரைக்கும் மணியாக விளங்குபவை செய்தித்தாளும் வானொலியும், அண்மைக் காலத்தில் கைப்பேசியும் இணையமும் ஆகும். வறுமையும் எழுத்தறிவின்மையும் நீங்க முயலும் நாடுகளில் இம்மணி செய்யும் தொண்டு யாது, அதன் நாவைக் கட்டினால் நேர்வது யாது, அதைத் தவறாக ஒலித்தால் விளையும் கேடு யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இந்தியாவில் அச்சிட்ட செய்தித்தாள் முதன்முதலாக 1780-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்தது. அதனை நடத்திய ஹிக்கி என்பவர் ஆட்சியாளரின் குறைகளை அஞ்சாமல் எழுதினார். அதன் விளைவாக அவர் சிறை புகுந்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய அச்சுப்பொறி பறிமுதல் செய்யப்பட்டது. நம் நாட்டில் இதழும் அடக்குமுறையும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒருங்கே பிறந்தன எனலாம். 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு தாய்மொழி இதழ்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார். அரசுக்கு வெறுப்பு விளைக்கும் செய்தி வெளியிட்டால் அச்சகத்தையே பறித்துக்கொள்ள அச்சட்டம் இடம் தந்தது. ஆங்கில இதழ்களை அது தொடவில்லை. ஏன்? ஆங்கில இதழைப் படித்தவர் சிலர். தாய்மொழி இதழைப் படித்தவரும் படிக்கக் கேட்டவரும் பலர். மக்கள் மொழியில் ஒலிக்கும் மணிக்கே ஆட்சியாளர் அஞ்சினர்.

ரிப்பன் பிரபுவின் காலத்தில் அச்சட்டம் நீங்கியது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். பின்னர் 1908-இல் அடக்குமுறை மிகுந்தபோது, பாரதியார் தொடர்பு கொண்டிருந்த ‘இந்தியா’ வார இதழ், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து வெளிவந்தது. மணியை ஓரிடத்தில் ஒலிக்க விடாவிடின், அடுத்த ஊருக்குச் சென்றேனும் ஒலிப்போம் என்னும் உறுதி அவர்களிடம் இருந்தது.

செய்தி உரிமை என்பது எழுத்தாளர் சிலருக்கு வேண்டிய சிறப்புரிமையே அன்றி, உழுது உண்ணும் ஏழைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று கருதுவோர் உளர். ‘முதலில் சோறு, பிறகு பேச்சு’ என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எத்துணைப் பிழையுடையது என்பதை வங்காளத்துப் பஞ்சம் நமக்குக் காட்டுகின்றது.

1943-ஆம் ஆண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு முந்தின ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதனால், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரி கைக்குச் சிக்கக்கூடாது என்று வங்கக் கடலோர மாவட்டங்களில் படகுகளை அரசு அகற்றியது. படகே வழியும் வாழ்வுமாக இருந்த மீனவரும் சிறு வணிகரும் செயலற்றுப் போயினர். 1942 அக்டோபரில் வீசிய பெரும்புயல் மிதினாப்பூர் மாவட்டத்தைச் சூறையாடியது. போர்ச் செலவினால் பணம் பெருகிற்று, விலை ஏறிற்று. அரிசி விலை பன்மடங்கு உயர்ந்தபோது நிலமற்ற கூலியாளின் கூலி அவ்வளவு உயரவில்லை. கடையில் அரிசி இருந்தது; வாங்குவோன் கையில் காசு இல்லை.

ஊரை விட்டு நடந்த மக்கள் கல்கத்தாத் தெருக்களை அடைந்தனர். சோறு கேட்கவும் நாவெழாமல், வடித்த கஞ்சியையேனும் ஊற்றுங்கள் என்று வீடுதோறும் இரந்தனர். இரந்தவாறே நடைபாதையில் விழுந்து மாண்டனர். எனினும், ‘பஞ்சம்’ என்ற சொல்லை அரசு உச்சரிக்கவில்லை. பஞ்சம் என முறைப்படி அறிவித்திருந்தால், பஞ்ச நிவாரண விதிகளின்படி உணவும் வேலையும் வழங்கும் கடமை அரசின்மேல் விழுந்திருக்கும். போர்க்காலத் தணிக்கை இதழ்களின் வாயைக் கட்டியிருந்தது. சித்தபிரசாத் என்னும் ஓவியர் மிதினாப்பூர்ச் சிற்றூர்களில் நடந்து, தாம் கண்டவற்றை வரைந்தும் எழுதியும் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அரசு அதன் படிகளைக் கைப்பற்றி அழித்தது.

அந்நிலையில் ஒருவர் துணிந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் என்பார் அவர். அவர் ஓர் ஆங்கிலேயர். முன்னர் அரசின் செய்தித்துறையிலேயே பணியாற்றியவர். சொற்களைக் கட்டுப்படுத்திய தணிக்கை, ஒளிப்படங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1943 ஆகஸ்டு 22-ஆம் நாள் வெளிவந்த இதழில், தெருவில் பசியால் துவண்டு கிடந்த தாய்மார், குழந்தைகள் ஆகியோரின் படங்கள் இடம்பெற்றன. அப்படங்கள் தில்லியை எட்டின. கடல் கடந்தும் சென்றன. அதன் பின் பஞ்சம் இல்லை என்று கூறுவது எவர்க்கும் எளிதாக இல்லை. அக்டோபரில் புதிய வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு கல்கத்தாவை நேரிற் கண்டு, நிவாரணப் பணியில் படையை ஈடுபடுத்தினார். ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது. அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என்று ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். மணி சில திங்கள் முன்னரே ஒலித்திருப்பின் அவருள் எத்தனை பேர் பிழைத்திருப்பர்!

அப்பஞ்சத்தைக் கண்ணாரக் கண்ட சிறுவருள் ஒருவர் அமர்த்தியா சென். அவருக்கு அப்போது வயது ஒன்பது. பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகி, 1998-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவரே. பஞ்சங்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மக்களாட்சி முறையாக நடைபெற்று, இதழ்கள் தடையின்றி எழுதும் நாட்டில் பெரும்பஞ்சம் தோன்றுவதில்லை என்பதே அம்முடிவு. காரணம் எளியது. பஞ்சம் ஆள்வோர் வீட்டை அணுகுவதில்லை. ஆனால், இதழ்கள் அதனை நாள்தோறும் வெளியிட்டு, மக்கள் அடுத்த தேர்தலில் விடை கேட்பார்கள் என்னும் நிலை இருப்பின், அந்த அச்சம் ஆள்வோரை விரைந்து செயற்படச் செய்யும். மேலும், எங்கே உணவில்லை என்னும் செய்தி அரசுக்கே உடனுக்குடன் கிடைக்கும்.

இருவேறு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். சீனத்தில் 1958 முதல் 1961 வரை கொடும்பஞ்சம் நிலவியது, கோடிக்கணக்கானோர் மாண்டனர். மேலிடத்தை மகிழ்விக்க விரும்பிய உள்ளூர் அதிகாரிகள், விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கு எழுதி அனுப்பினர். அக்கணக்கை மறுத்து உண்மையை எழுத ஓர் இதழும் இல்லை. ஆகவே, மக்கள் பசித்திருக்கையில் அரசு தானியம் கொள்முதல் செய்தது; ஏற்றுமதியும் செய்தது. பொய்க்கணக்கு மக்களை மட்டும் ஏமாற்றவில்லை. அதனை விரும்பிக் கேட்ட அரசையும் ஏமாற்றியது. இதற்கு மாறாக, நம் நாட்டில் 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தில் மழை பொய்த்துப் பயிர் கருகியது. இதழ்கள் எழுதின, மக்கள் ஊர்வலம் சென்றனர், சட்டமன்றத்தில் வினாக்கள் எழுந்தன. அரசு சாலை அமைத்தல், குளம் வெட்டுதல் முதலிய வேலைகளைத் திறந்தது. 1973 கோடையில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் அவ்வேலைகளில் கூலி பெற்றனர். துன்பம் இல்லை என்பதன்று. ஆனால், வறட்சி பெரும்பஞ்சமாக மாறவில்லை.

ஆதலின், பேச்சுரிமை சோற்றுக்குப் பின்னர் வரவேண்டியதன்று. சோறு வந்து சேரும் வழிகளுள் அதுவும் ஒன்று. நம் அரசியல் சட்டம் பத்தொன்பதாம் பிரிவில் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் அளித்துள்ளது. 1950-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநில அரசு ஒரு வார இதழைத் தன் எல்லைக்குள் வரவொட்டாமல் தடுத்தபோது, அவ்வுரிமையைக் காட்டி உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எனினும், எழுதி வைத்த உரிமை தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணியிருத்தல் ஆகாது. 1975 சூன் முதல் 1977 மார்ச்சு வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது விடுதலை பெற்ற இந்தியாவிலும் இதழ்களுக்குத் தணிக்கை வந்தது. உரிமை என்பது விளக்கு. எண்ணெய் வார்ப்பார் இல்லையேல் அணையும்.

பஞ்சம் போன்ற பெருந்துன்பத்திற்கு மட்டுமன்றி, நாள்தோறும் நேரும் சிறு சிறு அநீதிகளுக்கும் மணி வேண்டும். இராஜஸ்தானத்தில் வறட்சிக் காலங்களில் அரசு சாலை வேலை நடத்தியது. வேலை செய்த பெண்களுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டது. கேட்டால், ‘நீங்கள் செய்த வேலை கணக்கில் குறைவாக உள்ளது’ என்றனர். கணக்கைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்றனர். 1990-ஆம் ஆண்டில் அருணா ராய் முதலியோரும் சிற்றூர் மக்களும் சேர்ந்து தொழிலாளர், உழவர் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1994-இறுதி முதல் அவர்கள் ஊர் நடுவே பந்தலிட்டு, கிடைத்த கணக்குகளை உரக்கப் படித்தனர். வேலையாள் பட்டியலில் இறந்தோர் பெயர் இருந்தது. ஊரிலேயே இல்லாதோர் பெயர் இருந்தது. கட்டி முடித்ததாக எழுதிய கட்டடம் மண்ணில் இல்லை. எழுத்தறியாத மூதாட்டியும், தாளில் இருந்த பொய்யைத் தன் காதால் கேட்டு, எழுந்து நின்று மறுத்தார்.

1996-இல் அவர்கள் பேவார் நகரில் நாற்பது நாள் அமைதியாக அமர்ந்து, கணக்கறியும் உரிமையைக் கோரினர். ‘எங்கள் பணம், எங்களுக்குக் கணக்கு வேண்டும்’ என்னும் பொருள்பட முழங்கினர். இதழாசிரியர் பலர் அவர்களுக்குத் துணை நின்றனர். அத்தகைய முயற்சிகளின் பயனாக 2005-ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே, 1997-இல் இவ்வகைச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இப்பொழுது எளிய குடிமகனும் ஒரு விண்ணப்பம் எழுதி, அரசு அலுவலகத்திடம் விவரம் கேட்கலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தரல் வேண்டும். செய்தியாளர்க்கு இருந்த வினவும் உரிமை இதனால் எல்லார்க்கும் உரியதாயிற்று.

இனி, புதிய ஊடகங்களின் வரவை நோக்குவோம். செய்தித்தாள் படிப்பவர்க்கே பயன்படும். வானொலி கேட்பவர் அனைவர்க்கும் பயன்படும். ஆனால், கேட்பவர் மறுமொழி கூற இயலாது. கைப்பேசியும் இணையமும் இக்குறையை நீக்கின. மணியின் கயிறு அரண்மனை வாயிலிலிருந்து ஒவ்வொருவர் கைக்கும் நீண்டுவிட்டது.

இலங்கையின் மலைப்பகுதியில் கொத்மலை என்னும் ஊரில் சமுதாய வானொலி நிலையம் ஒன்று இருந்தது. 1990-களின் இறுதியில், யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அங்கு ஒரு புதுமுயற்சி நடந்தது. அக்காலத்தில் அவ்வூர் மக்களிடம் கணிப்பொறியும் இல்லை. இணையத்தில் நிறைந்திருந்த ஆங்கிலமும் பலர்க்குத் தெரியாது. ஆகவே, மக்கள் தம் ஐயங்களை நிலையத்திற்கு அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் விளக்கி ஒலிபரப்பினர். பழைய கருவியும் புதிய கருவியும் கைகோத்ததனால் ஒரு கணிப்பொறி பல ஊர்களுக்குப் பயன்பட்டது.

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் 2002-ஆம் ஆண்டு ‘கபர் லகரியா’ என்னும் இதழ் பிறந்தது. ‘செய்தி அலை’ என்பது அதன் பொருள். அதில் செய்தி திரட்டியோரும் எழுதியோரும் விற்றோரும் சிற்றூர்ப் பெண்களே. அவருள் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்கள் வட்டாரப் பேச்சுமொழியில் எழுதினர். குடிநீர்க் குழாய், பள்ளிக்கு வராத ஆசிரியர், பழுதடைந்த சாலை, பெண்களுக்கு நேரும் கொடுமை ஆகியவை பெரிய நாளிதழ்களில் இடம் பெறாதவை. இவர்களுக்கோ அவையே தலைப்புச் செய்திகள். யுனெஸ்கோ 2009-இல் இவ்விதழின் பின்னிருந்த எழுத்தறிவுப் பணிக்குப் பரிசளித்தது. பின்னர் இப்பெண்கள் அச்சை விட்டுக் கைப்பேசியைக் கையிலெடுத்து, காட்சிப் படங்களாகச் செய்தி வெளியிடத் தொடங்கினர். பிறர் பேசக் கேட்டிருந்தோர் தாமே பேசும் நிலைக்கு உயர்ந்தனர். சமுதாய முன்னேற்றம் என்பது இதுவன்றோ?

ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பின் கலவரம் மூண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரடி ஒலி, ஒளிபரப்பை அரசு தடை செய்தது. எங்கே என்ன நிகழ்கிறதென எவரும் அறியாத அந்நாட்களில், இளைஞர் சிலர் இணையத்தில் ஒரு நிலப்படத்தை அமைத்தனர். மக்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தியால் அனுப்பிய தகவல்கள் அப்படத்தில் இடம்வாரியாகக் குறிக்கப்பட்டன. அதற்கு ‘உஷாகிடி’ என்று பெயரிட்டனர். சுவாகிலி மொழியில் ‘சாட்சியம்’ என்பது பொருள். 2010-இல் எயிட்டி நாட்டில் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோதும், துன்புற்றோர் இருக்கும் இடத்தை அறிய இம்முறை பயன்பட்டது. ஏழை நாட்டில் பிறந்த கருவி உலகுக்குப் பயன்பட்டது.

ஆனால், மாணவர்களே, நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அதே கென்யாவில், அதே குறுஞ்செய்தி பகைமையைத் தூண்டவும் பயன்பட்டது. 1994-இல் ருவாண்டா நாட்டில் ஒரு வானொலி நிலையம் ஓர் இனத்தார்மேல் நாள்தோறும் வெறுப்பைப் பொழிந்தது; கொல்லப்பட வேண்டியோர் எனச் சிலர் பெயரையும் அறிவித்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்வாறு தூண்டியோரைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. வாள் ஏந்தியவன் மட்டுமன்றி, ஒலிவாங்கியின்முன் அமர்ந்து கொலைக்கு ஏவியவனும் கொலைஞனே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி கைப்பேசி வழியே பரவியது. ஐயத்தின் பேரில் வழிப்போக்கர் பலர் வெவ்வேறு மாநிலங்களில் அடித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டிலும், குழந்தைகளுக்கு அன்புடன் இனிப்பு வழங்கிய முதிய பெண்மணி ஒருவர் இவ்வாறு உயிர் துறந்தார். அச்செய்தியை அனுப்பியவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். தம் குழந்தைகளைக் காக்க விழைந்த தாய்தந்தையரே. உண்மையா என்று ஒரு கணம் எண்ணிப் பாராமல் அனுப்பியதே அவர்கள் செய்த பிழை. அப்பிழைக்கு விலை பிறர் உயிர்.

இத்தகைய கேடுகளைக் காட்டி, மணியின் கயிற்றையே அறுத்துவிட வேண்டும் என்பார் சிலர். அது முறையன்று. 2019 ஆகஸ்டு முதல் காசுமீரில் இணையத் தொடர்பு பல மாதங்கள் துண்டிக்கப்பட்டது. வதந்தி பரப்புவோர் மட்டுமா அதனால் தடைப்பட்டனர்? வணிகரும் மாணவரும் மருத்துவரும் அல்லலுற்றனர். 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம், கால வரையறையின்றி இணையத்தை நிறுத்தி வைத்தல் தகாது என்று கூறியது. வன்முறைக்கு ஏவுவோரைச் சட்டம் தண்டிக்கட்டும், அது வேறு. குறை கூறுவோரையெல்லாம் வதந்தி பரப்புவோர் என முத்திரையிட்டு அடக்குவது வேறு. பொய்க்கு மருந்து மௌனமன்று. விரைந்து வெளிப்படும் மெய்யே அதற்கு மருந்து. வங்காளத்தில் மெய்யை மறைத்ததனால் விளைந்ததை மேலே கண்டோம்.

இதழ் நடத்துவோர்க்கும் கடமை உண்டு. அரசின் அடக்குமுறையே இதழுக்குப் பகை என்பதில்லை. விளம்பரம் தருவோர்க்கு அஞ்சுதலும், பரபரப்பை நாடி உண்மையைத் திரித்தலும் அதனைப் போன்ற பகையே. ஆதாயத்திற்காக மணி அடிப்பவன், மெய்யாகவே தீப்பற்றிய நாளில் அடித்தாலும் ஊரார் நம்பமாட்டார்கள்.

படிப்போராகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு செய்தி வந்தவுடன், இதனைக் கூறியவர் யார், அவர் நேரிற் கண்டாரா, வேறு எவரேனும் இதனை உறுதி செய்துள்ளனரா, இதனால் எவர்க்கேனும் தீங்கு விளையுமா என நான்கு வினாக்களை நமக்குள் எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்கும்வரை அதனைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். அவ்வாறே, மெய்யென அறிந்த துன்பத்தைக் கண்டும் காணாதவர் போல் இருத்தலும் ஆகாது. உங்கள் தெருவில் குடிநீர் கெட்டிருந்தால் உரியவர்க்கு எழுதுங்கள். விடை வராவிடின் மீண்டும் எழுதுங்கள்.

முன்னாளில் மணி ஒன்றே இருந்தது. அதனைக் கேட்டு நீதி வழங்க அரசன் ஒருவன் இருந்தான். மக்களாட்சியிலோ மணியை அசைப்பவரும் நாமே. ஓசை கேட்டு எழுந்து வர வேண்டியவரும் நாமே. வங்காளத்து நடைபாதையில் கஞ்சி கேட்டு மாண்டோர்க்கு எட்டாதிருந்த கயிறு இன்று நம் கைக்கு எட்டியிருக்கின்றது. அதனை அஞ்சாமலும் பொய்யாமலும் அசைப்போமாக.